ஒரு புத்தகமும் ஓராயிரம் காணொலியும்

1980-களில் மதராஸிலிருந்து டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வை எழுத நினைத்த பொறியியல் மாணவருக்குப் படிப்புத் திட்டத்தைப் பாதி போட்டுக் கொடுத்தது தபால் துறை. மீதிப் பாதியை வங்கி. அண்ணா சாலையில் ஜெமினி பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடத்துக்குப் போய், எல்லோரும் ‘யூசெஃபி’ என்று சொன்ன கல்வி அறக்கட்டளையில் தகவல் கையேடும் விண்ணப்பப் படிவமும் வாங்க வேண்டும். தேர்வுக் கட்டணம் டாலரில். வங்கியில் காத்திருந்து டிராஃப்ட் எடுத்து, படிவத்தோடு கடல் கடந்து அனுப்ப வேண்டும். நுழைவுச் சீட்டு தபாலில் வரும்வரை வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்க வேண்டும். தேர்வு நாளோ சில மாதம் தள்ளி. நடுவில் கிடைத்த அந்த மாதங்கள்தான் படிப்புக் காலம். அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இன்று நாகர்கோவிலில் இருக்கும் ஒரு செவிலியர், இரவுப் பணி முடிந்து பேருந்தில் வரும்போதே கைப்பேசியில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு நாள் குறித்து, பணமும் கட்டிவிடலாம். கணினியில் எழுதுகிற தேர்வு பெரிய ஊர்களில் வாரத்தில் பல நாள் நடக்கிறது. முடிவும் சில நாளில் கையில். அந்தக் கால மாணவருக்கு இதைச் சொன்னால் வயிறெரிந்திருப்பார். ஆனால் வீட்டிலிருந்தே தானாகப் படித்துத் தேறுவது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், யாருக்கு வேலை சுலபமாக இருந்தது என்று அவசரமாகச் சொல்லிவிட முடியாது.

அந்தப் பழைய தேர்வு எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் பழைய படிப்பு முறை புரியும். டோஃபல் 1964-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே, பிரின்ஸ்டனில் இருக்கும் ஈடிஎஸ் நிறுவனமும் காலேஜ் போர்டும் சேர்ந்து அதன் பொறுப்பை ஏற்றன. 80-களில் அது மூன்று பகுதி: காதால் கேட்பது, இலக்கண அமைப்பு, சொல்லும் வாசிப்பும். எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பென்சிலால் வட்டத்தைக் கறுப்பாக்கும் வேலை. 1986-லிருந்து சில தேர்வு நாள்களில் மட்டும் முப்பது நிமிடக் கட்டுரை ஒன்று சேர்ந்தது. பேச்சு அதில் இல்லை. பேச்சுக்கென்று தனித் தேர்வு இருந்தாலும், பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகவில்லை. அதிகபட்சம் 677 மதிப்பெண். பல பல்கலைக்கழகங்கள் 550 கேட்டன, சில 600.

நம் ஊர்ப் பையன்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்தது அந்த இலக்கணப் பகுதி. நாற்பது கேள்வி, இருபத்தைந்து நிமிடம். அவற்றில் பலவற்றில், வாக்கியத்தில் அடிக்கோடிட்ட நான்கு இடத்தில் எது தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை எட்டாம் வகுப்பிலிருந்து பிரம்படியோடு படித்தவனுக்கு இது என்ன பெரிய காரியம்? ஆங்கிலத்தில் ஒரு காபி கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறவன்கூட அந்தப் பகுதியில் முழு மதிப்பெண்ணை நெருங்கினான். சொற்பகுதியும் அப்படித்தான். 1995 வரை ஒற்றைச் சொல்லுக்குப் பொருள் கேட்கும் கேள்விகள் தனியாக வந்தன. ஆகவே சொற்பட்டியலை உருப்போட்டால் பலன் இருந்தது. விடுதிகளில் மேற்படிப்புத் தேர்வான ஜிஆர்இ-க்காக பேரன்ஸ் புத்தகத்தின் 3,500 சொல்லையும் நெட்டுருப் போட்டவர்கள் டோஃபலின் சொற்பகுதியைத் தூங்கி எழுந்து எழுதினார்கள்.

திட்டம் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. ஒரு புத்தகம் இருந்தது. பேரன்ஸ் அல்லது கிளிஃப்ஸ். அதுவும் போன வருடம் அமெரிக்கா போன சீனியர் விட்டுச் சென்றது. விடைகள் பென்சிலில் குறிக்கப்பட்டு, அழிக்கப்பட்டு, மறுபடி குறிக்கப்பட்டு, தாள் மெலிந்திருக்கும். கிடைக்காதவர்கள் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடைகளில் தேடினார்கள். 1985-இல் எரிந்துபோகும்வரை மூர் மார்க்கெட்டிலும் தேடினார்கள். அங்கும் இல்லையென்றால் ஜெராக்ஸ். கிடைத்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை முடிக்க வேண்டும். தேர்வுக்குள் இன்னொரு தடவை புரட்ட வேண்டும். அதுதான் திட்டம். அதை ஏட்டில் எழுதி வைக்க அவசியமே இருக்கவில்லை.

சிக்கல் காதில்தான் இருந்தது. அமெரிக்கர் பேசுவதை அதுவரை கேட்டிராதவன் கேட்டறியும் பகுதிக்கு எப்படித் தயாராவான்? புத்தகத்தோடு வந்த ஒலிநாடா சீனியரிடமிருந்து ஜூனியருக்கு வருவதற்குள் எங்கோ தொலைந்திருக்கும். மாதிரித் தேர்வு நாடா ஒன்று கிடைத்தால் அறையில் டூ-இன்-ஒன் ரேடியோ வைத்திருப்பவனைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்பார்கள். மற்ற நேரத்துக்குச் சிற்றலையில் பிபிசி இருந்தது, காற்றும் இரைச்சலுமாக. தூதரகக் கட்டடத்திலேயே இருந்த அமெரிக்க மையத்து நூலகமும், அதே சாலையில் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகமும் சென்னைக்காரர்களுக்குப் பெரிய துணை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து டைம், நியூஸ்வீக் படிப்பதே அப்போது ஒரு சுகம். மொழிப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கேட்டதும் சிலருக்கு அந்தக் காலம் இனிக்கத் தொடங்கும். எனக்கு இனிக்கவில்லை. மேலே சொன்ன எல்லாமே அண்ணா சாலையிலிருந்து சில மைலுக்குள் இருந்தவை. திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ படித்தவனுக்கு ‘ஹிந்து’ நாளிதழும் லிஃப்கோ அகராதியும்தான் வாய்த்தன. சீனியர் என்று ஒருவர் அமெரிக்கா போயிருந்தால்தானே புத்தகம் விட்டுப் போவார்! டோஃபல் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஐஐடி, கிண்டி, இன்னும் நாலைந்து கல்லூரிகளின் ஆண்கள். வீட்டில் ஏற்கெனவே ஆங்கிலம் புழங்கியவர்கள். தானாகப் படித்தார்கள் என்கிறோம். உண்மையில் அவர்களைச் சுற்றி ஒரு விடுதியே கூடப் படித்தது. ஒருவன் சொல்லைச் சொல்ல இன்னொருவன் பொருளைச் சொன்னான். எங்கே தப்பு என்று கேட்க எப்போதும் பக்கத்து அறையில் ஆள் இருந்தது.

நடுவில் வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1989-இல் ஐஇஎல்டிஎஸ் பிறந்தது. பேச்சில் ஐயெல்ட்ஸ். பிரிட்டிஷ் கவுன்சில், ஆஸ்திரேலியாவின் ஐடிபி, கேம்பிரிட்ஜ் மூன்றும் சேர்ந்து நடத்துவது. தொடக்கத்திலிருந்தே அதில் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும், கட்டுரை எழுத வேண்டும். டோஃபல் 1998-இல் கணினிக்கு வந்தது. 2005-இல் இணையவழித் தேர்வானபோது இலக்கணப் பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேச்சைச் சேர்த்தது. மதிப்பெண்ணும் 677-லிருந்து 300 ஆகி, 120 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 1 முதல் 6 வரையான அளவாகிவிட்டது. நடைபாதையில் வாங்கிய பழைய டோஃபல் புத்தகம் இன்று இலக்கணம் படிக்க உதவும், தேர்வுக்கு உதவாது.

இலக்கணப் பகுதி போனதோடு நம் மாணவர்களின் பழைய பலமும் போனது. தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் தப்பில்லாமல் பேசுவான் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தோம். புதிய தேர்வு அந்த நம்பிக்கையை மதிக்கவில்லை.

எழுதுகிறவர்களும் மாறிவிட்டார்கள். இது எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம். பிரிட்டனில் வேலை பார்க்க அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஐயெல்ட்ஸில் கேட்டல், வாசித்தல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். எழுத்திலும் 7 என்றுதான் இருந்தது. தேர்ந்த செவிலியர்கள்கூட அந்த ஒன்றிலேயே தடுக்கி விழுந்ததால் 2018 கடைசியில் குறைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மருத்துவத் துறையினருக்கென்று உள்ள ஓஇடி தேர்வையும் அந்த மன்றம் ஏற்கத் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டுச் செவிலியர்களுக்கு அது பெரிய கதவைத் திறந்துவிட்டது. தஞ்சாவூரில் கல்யாணமாகி லண்டனில் இருக்கும் கணவரிடம் போக வேண்டிய பெண்ணும் இன்று தேர்வர்தான். 2010 நவம்பரிலிருந்து பிரிட்டன் வாழ்க்கைத் துணைக்கும் அடிப்படை ஆங்கிலம் கேட்கிறது. பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர், கைக்குழந்தையோடு இருப்பவர், மூன்று ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர் – இவர்களெல்லாம் எழுதும் தேர்வு இது. பக்கத்து அறையில் கேட்க யாரும் இல்லை. வீட்டில் கேட்டால், “உனக்கு இல்லாத இங்கிலீஷா, எழுதிட்டு வாம்மா” என்பார்கள்.

படிக்கும் பொருளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமில்லை என்பதே இன்றைய தொல்லை. கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய வினாத்தாள் தொகுப்பு 1996-இல் ஒன்றாக இருந்தது. இப்போது இருபதைத் தொட்டுவிட்டது. யூடியூபில் ‘ஒரே வாரத்தில் 8 பேண்ட்’ (ஐயெல்ட்ஸ் மதிப்பெண்ணுக்குப் பெயர் பேண்ட்) என்று சிவப்பு எழுத்தில் கூவும் காணொலிகள். டெலிகிராமில் இந்தப் பருவத்தில் வரப்போகும் பேச்சுக் கேள்விகள் என்று ஒரு கோப்பு, அதற்கு மனப்பாட விடை என்று இன்னொரு கோப்பு. பெரும்பாலானவர்களின் கைப்பேசியில் ஐயெல்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் இருப்பதைப் படித்து முடிக்க ஒரு ஆயுள் போதாது. அந்தக் கால மாணவர் ஒரு புத்தகத்தை இரண்டு தடவை படித்தார். இன்றைய தேர்வர் இருபது புத்தகத்தின் முதல் தேர்வை மட்டும் போட்டுப் பார்க்கிறார்.

சேர்ப்பதைப் படிப்பது என்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. இணையம் அதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தத் தேர்வில் அதற்கு விலை அதிகம். ஒரு தடவை ஐயெல்ட்ஸ் எழுத இன்று பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. சிறிய தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியருக்கு அது கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். மதிப்பெண் செல்லுபடியாவதோ இரண்டே ஆண்டு.

நாள் குறிப்பதில் வந்த சுதந்திரத்தையும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஐயெல்ட்ஸில் 2006 வரை ஒரு விதி இருந்தது: மதிப்பெண் போதவில்லையென்றால் அடுத்த தேர்வுக்குத் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும். தேர்வர்கள் அதைத் திட்டினார்கள், நீக்கியதும் மகிழ்ந்தார்கள். என்னைக் கேட்டால் அந்த விதி ஏழைத் தேர்வருக்கு உபகாரம் செய்துகொண்டிருந்தது. தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டியவர், வேறு வழியில்லாமல் படித்தார். இப்போது முடிவு வந்த அன்று இரவே, அரை பேண்டில் போய்விட்டதே என்ற ஆத்திரத்தில் அடுத்த தேர்வு நாளைக் குறித்துவிடுகிறார்கள். மூன்று வாரத்தில் அதே மதிப்பெண் மறுபடி வருகிறது. எழுத்தில் 6 வாங்குகிறவரின் ஆங்கிலம் மூன்று வாரத்தில் 6.5 ஆவது அபூர்வம். அதற்குச் சில மாதம் ஆகும். ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி 2023-லிருந்து இந்தியாவிலும் வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் உங்களைச் சேர்த்துக்கொள்ளப் போகிற பல்கலைக்கழகமோ பதிவு மன்றமோ அதை ஏற்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இன்று வீட்டிலிருந்து படிப்பவர் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? பழைய திட்டம் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொடங்கியது. இன்றைய திட்டம் தன் தவறுகளில் தொடங்க வேண்டும். முதல் நாளே, ஒன்றும் படிக்காமல், ஒரு முழு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்க வேண்டும்: கேட்டல் அரை மணி, வாசிப்பு ஒரு மணி, எழுத்து ஒரு மணி, இடைவெளியில்லாமல். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். படித்து முடித்துவிட்டு எழுதலாம், இப்போது எழுதினால் மனம் விட்டுப்போகும் என்கிறார்கள். மனம் விட்டுப்போவது நல்லது. கேட்டலில் நாற்பதுக்கு முப்பத்து மூன்று, வாசிப்பில் இருபத்திரண்டு என்று வந்தால், எந்தப் பக்கம் பலவீனம் என்று ஒரே காலையில் தெரிந்துவிடுகிறது. கல்விப் பிரிவுத் தேர்வில் இரண்டிலும் 7 வாங்க ஏறக்குறைய முப்பது சரியாக வேண்டும். குடியேற்றத்துக்கான பொதுப் பிரிவில் வாசிப்புக்கு முப்பத்து நாலு வரை தேவைப்படும். அந்த இடைவெளிதான் திட்டம். கேட்டலுக்கு வாரம் ஒரு நாள் போதும், வாசிப்புக்கு நாலு நாள் வேண்டும் என்று கணக்கு தானாக வந்துவிடும். எல்லோருக்கும் ஒரே கால அட்டவணை அச்சடித்துத் தருகிற பயிற்சி மையங்கள் செய்ய மறுப்பது இந்த ஒன்றைத்தான்.

எந்தப் பகுதியில் தமிழர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது கிட்டத்தட்டத் தெரிந்த விஷயம். கேட்டலின் முதல் பகுதி எளிது: பெயர், முகவரி, தொலைபேசி எண். மதிப்பெண்ணை அங்கேயே தொலைப்பவர்கள் நிறைய. எழுத்துக்கூட்டிச் சொல்லும் பெயரில் ‘ஏ’யையும் ‘இ’யையும் மாற்றி எழுதுவது, ஆஸ்திரேலியர் ‘எய்ட்’ என்பதை ‘ஐட்’ போலச் சொன்னால் திகைப்பது, ‘டபுள் ஃபோர்’ என்றதும் ஒரு நாலை விட்டுவிடுவது. கடைசியில் வரும் பன்மை ‘எஸ்’ காதில் விழுந்தும் கையில் வராது. அந்த ஒரு எழுத்துக்கு விடையே போய்விடும். இதற்கு இன்னொரு தேர்வைப் போடுவது மருந்தாகாது. இரண்டு நிமிட ஒலித்துண்டு ஒன்றை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதி, எழுத்துவடிவத்தோடு ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலை. பிபிசியைச் சிற்றலையில் கேட்டவருக்குத் திரும்பக் கேட்கும் வசதி இல்லை, நமக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு தடவை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த காணொலிக்குத் தாவுகிறோம்.

வாசிப்பில் ‘சரி, தவறு, சொல்லப்படவில்லை’ என்ற கேள்விதான் எல்லோரையும் கவிழ்ப்பது. படித்தவருக்கு இது இன்னும் கடினம். தேனீக்களைப் பற்றிய பத்தியைப் படிக்கும் விவசாயக் கல்லூரி மாணவர், பத்தி சொல்லாததையும் தன் அறிவிலிருந்து எடுத்துச் ‘சரி’ என்று போட்டுவிடுவார். பத்தியில் விரலை வைத்துக் காட்ட முடியாத எதுவும் விடையாகாது என்ற கட்டுப்பாடு பழக நாளாகும். விடை சரியா தப்பா என்று பார்ப்பதோடு நின்றால் பழகவே பழகாது. ஒவ்வொரு தப்புக்கும் எந்த வரி என்னை ஏமாற்றியது என்று எழுதி வைக்க வேண்டும். ஒரு வாசிப்புத் தேர்வுக்கு ஒரு மணி. அதை அலசுவதற்கு இரண்டு மணி. திட்டத்தில் இந்த இரண்டாவது நேரத்தை யாரும் ஒதுக்குவதே இல்லை.

எழுத்துக்கு வருவோம். இங்கேதான் தனியாகப் படிப்பவர் உண்மையாகவே தனியாக நிற்கிறார். நாற்பது நிமிடத்தில் 250 சொல்லுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை, இருபது நிமிடத்தில் 150 சொல்லில் ஒரு வரைபட விளக்கம். எழுதிவிடலாம்; யார் திருத்துவது? அந்தக் காலத்தில் கட்டுரை பெரிய விஷயமாக இல்லாததால் இந்தக் கேள்வியே எழவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் நொடியில் திருத்திக் கொடுக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்வது மூடத்தனம். கிராமத்தில் இருக்கும் ஒருவருக்கு இரவு பதினொரு மணிக்கு வாய்த்த ஒரே ஆசிரியர் அதுதான். ஆனால் அதனிடம் பேண்ட் எவ்வளவு என்று கேட்காதீர்கள். இன்று 7 என்று சொன்னதையே நாளை 6 என்று சொல்லும். பொதுவாக முகஸ்துதி அதிகம். கட்டுரையை மாற்றி எழுதித் தா என்றும் கேட்காதீர்கள்; அது எழுதுவது உங்கள் கை எழுதக்கூடிய ஆங்கிலமாக இருக்காது. என் இலக்கணப் பிழைகளை மட்டும் காட்டு, திருத்தாதே என்று கேளுங்கள். பிறகு நீங்களே திருத்துங்கள். ஐயெல்ட்ஸ் தன் மதிப்பீட்டு விதிகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் தொகுப்புகளின் பின்பக்கத்தில் மாதிரிக் கட்டுரைகளும் தேர்வாளர் கருத்தும் உண்டு. ரென் அண்ட் மார்ட்டின் காலத்து மாணவருக்கு இப்படி ஒரு கதவு திறந்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

பிழைகளும் புதிதாக எதுவும் வந்துவிடாது. ‘தி’ எங்கே வரும், எங்கே வராது. ‘ஹி’ என்றால் வினையில் ‘எஸ்’ சேர்க்க வேண்டும். ‘டிஸ்கஸ் அபௌட்’ கூடாது. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ கூடாது. பத்துக் கட்டுரைக்குப் பிறகு பார்த்தால் ஒருவரின் பிழைகளில் பெரும்பகுதி ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். அந்த ஐந்தாறையும் ஒரு நோட்டில் எழுதி, தேர்வின் கடைசி ஐந்து நிமிடத்தில் அவற்றை மட்டும் தேடினால் போதும். புதுக் கட்டுரை வாரம் ஐந்து எழுதுவதைவிட, இரண்டு எழுதி அந்த இரண்டையும் திருப்பி எழுதுவது பலன் தரும். இதைச் சொன்னால் தேர்வர்கள் முகம் சுளிக்கிறார்கள், எண்ணிக்கை குறைந்துவிடுகிறதாம்.

கணினியில் எழுதுவதால் இன்னொரு சங்கதி. நிமிடத்துக்குப் பத்துச் சொல் தட்டுகிறவருக்கு நாற்பது நிமிடத்தில் 250 சொல் தட்டவே பாதிக்கு மேல் போய்விடும். யோசிக்க எங்கே நேரம்? ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு தட்டச்சுப் பயிலகம் இருந்தது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் லோயர் பாஸ் செய்த அக்காக்கள், இன்று நாற்பது வயதில் பிள்ளையின் படிப்புக்காகக் குடியேறத் தேர்வு எழுதும்போது இருபது வயதுக்காரர்களை ஓரங்கட்டுகிறார்கள். கட்டைவிரலால் கைப்பேசியில் மின்னலாகத் தட்டும் தலைமுறைக்கு விசைப்பலகை கை வருவதில்லை. திட்டத்தில் தினம் கால் மணி இதற்கும் ஒதுக்க வேண்டும்.

பேச்சுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். நடுவில் ஒரு தலைப்பு தந்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். உங்களுக்குப் பிடித்த திருவிழா என்று கேட்டால், டெலிகிராம் கோப்பில் படித்த கிறிஸ்துமஸைச் சொல்கிறவர்கள் உண்டு. அலங்காநல்லூர்க்காரர் அப்படிச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன் ஊர் மாட்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேச அவருக்கு விஷயம் பஞ்சமா? மனப்பாடப் பேச்சைத் தேர்வாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஏற்ற இறக்கம் காட்டிக் கொடுத்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்து தானே கேட்பது முதல் பயிற்சி. அதே தேர்வுக்குப் படிக்கும் இன்னொருவரோடு தினமும் கால் மணி ஆங்கிலத்தில் போனில் பேசுவது இரண்டாவது. பழைய விடுதியின் பக்கத்து அறையை இன்று திரும்பக் கொண்டுவரும் வழி எனக்குத் தெரிந்து இதுதான். இரண்டு பேருமே தப்பாகப் பேசுவார்களே என்றால், பேசட்டும். தயங்காமல் பேச்சைத் தொடர்வதும் மதிப்பிடப்படும் நான்கு அம்சங்களில் ஒன்று.

பயிற்சி மையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாமே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பேச்சையும் எழுத்தையும் ஒரு நல்ல ஆசிரியர் நாலைந்து தடவை பார்த்துச் சொல்வதற்குப் பணம் கொடுக்கலாம். வாசிப்புக்கும் கேட்டலுக்கும் பணம் கட்டி அங்கே போய் உட்கார்ந்து வினாத்தாள் போடுவது வீண். அதை வீட்டில் போடலாம். பேண்ட் உத்தரவாதம் என்று பலகை வைத்தவரிடம் அந்த உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அரசு வழியிலும் சில வாய்ப்பு உண்டு. 1978-இல் தொடங்கிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களுக்கு மொழித் தேர்வுப் பயிற்சி நடத்தியிருக்கிறது. தாட்கோவும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் இளைஞர்களுக்கு இத்தகைய பயிற்சிகளை அறிவித்து வந்திருக்கிறது. விளம்பரம் சிறியதாக வருவதால் பலர் கண்ணில் படுவதில்லை.

எந்தத் தேர்வு என்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். செவிலியருக்கு ஓஇடி எழுத்துத் தேர்வு நோயாளிக் குறிப்பைப் பார்த்து ஒரு கடிதம் எழுதச் சொல்கிறது. வார்டில் தினம் பார்க்கும் விஷயம். உலக வெப்பமயமாதலைப் பற்றி அபிப்பிராயம் எழுதுவதைவிட அவருக்கு அது இயல்பு, ஆனால் கட்டணம் அதிகம். 2009-இல் வந்த பிடிஇ என்ற தேர்வில் பெரும்பாலும் இயந்திரமே மதிப்பெண் போடுகிறது. ஆளின் முன்னால் நடுங்குகிறவர்களுக்கு அது தோதுப்படும். தோழி எழுதினாள், நானும் எழுதுகிறேன் என்று போகாமல், போகும் நாடும் வேலையும் எதை ஏற்கின்றன என்று அவர்களின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருடம் போன அக்கா சொன்னது இந்த வருடம் பொருந்த வேண்டும் என்பதில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையைப் படிக்கிற தேர்வருக்கு ஒரு வேண்டுகோள். புத்தகம் வாங்க வேண்டாம், வகுப்பில் சேர வேண்டாம், தேர்வு நாளையும் குறிக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் ஒதுக்கி ஒரு முழு மாதிரித் தேர்வை எழுதுங்கள். ஐயெல்ட்ஸ் நடத்துபவர்களே அதை இலவசமாகத் தருகிறார்கள். வருகிற மதிப்பெண்ணுக்கும் உங்களுக்குத் தேவையான மதிப்பெண்ணுக்கும் ஒரு பேண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால், பதினெட்டாயிரம் ரூபாயை இன்னும் மூன்று மாதம் வங்கியிலேயே விட்டு வையுங்கள்.